உப்புக்காத்து ஊர்ல ஒரு குட்டி கம்ப்யூட்டர்... வீட்டிலேயே வானிலை நிலையம் அமைக்கலாம், வாங்க!

கடற்கரை ஊர்க்காரரா நீங்க? அப்போ இது உங்களுக்குப் பழகின விஷயம்தான். ராத்திரி நல்லா இருந்த உப்பு, காலையில டப்பாவைத் திறந்தா ஈரமா ஒட்டிக்கிட்டு இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினாலே உப்பு தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். இதே வேலைதான் உங்க வீட்டு எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களிலும் நடக்கிறது. கடல் காற்றில் வரும் உப்புத்தூள் சர்க்யூட் போர்டில் படியும், ராத்திரி அது உப்புத் தண்ணியா மாறும், செம்பு பச்சை பூக்கும். `திடீர்னு டெட் ஆயிடுச்சு பாஸ்'னு நாம சொல்ற பல சம்பவங்களுக்குப் பின்னாடி இருக்கிறது இந்த உப்புதான்.

`அப்போ கடற்கரையில் இருக்கிறவங்க ராஸ்பெரி பை மாதிரி சின்ன கம்ப்யூட்டர் வாங்கி வீட்டுல புராஜெக்ட் எல்லாம் பண்ண முடியாதா?'னு கேட்டா... தாராளமா முடியும். சொல்லப்போனா, அதற்கான தேவை அவங்களுக்குத்தான் அதிகம். எப்படின்னு பார்க்கலாம்.

ஏன் அனுமந்தை?

கிழக்கு கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டி புதுச்சேரி நோக்கிப் போனால் வரும் ஊர் அனுமந்தை. விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் தாலுகா. ஒரு பக்கம் கடல், சுற்றுவட்டாரத்தில் உப்பளங்கள், மேற்கே கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

புயலுக்கும் இந்தக் கரை நல்லாவே பழக்கம். 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி `நிவர்' கரையைக் கடந்தது மரக்காணம் பக்கத்தில்தான். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட `ஃபெஞ்சல்', பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியிலும், திண்டிவனம் பக்கத்து மயிலத்திலும் ஒரே நாளில் பதிவான மழை 50 செ.மீ-யை ஒட்டி இருந்தது.

உப்பளத்தில் மழை என்பது சம்பளப் பிரச்னை. பாத்தியில் உப்பு பூத்திருக்கும் நேரத்தில் ஒரு நல்ல மழை பெய்தால், பல நாள் உழைப்பு கரைந்துபோகும். `நேத்து நம்ம பக்கம் எவ்வளவு மி.மீ பெய்ஞ்சுது?' என்ற கேள்விக்கு, தூரத்தில் இருக்கும் மழைமானியின் கணக்கு சரியான பதில் ஆகாது. மழை ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் வீட்டு புராஜெக்ட் பட்டியலில் இங்கே முதல் இடம் வானிலை நிலையத்துக்கு.

சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர்னா என்ன?

பிராசஸர், மெமரி, வைஃபை எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும் முழு கம்ப்யூட்டர். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு, ஸ்க்ரீனுக்குப் பதில் உங்க போன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து, `பசங்க புரோகிராமிங் கத்துக்க விலை குறைந்த கம்ப்யூட்டர் வேணும்' என்று உருவாக்கியது ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2015-ல் இரண்டு ராஸ்பெரி பைகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போயின. 2016 வாக்கில் உலகம் முழுக்க பள்ளிகளுக்கு 1,000 வானிலை நிலைய கிட்கள் அனுப்பப்பட்டன. ஆக, நாம செய்யப்போறது ஏற்கெனவே நன்றாகப் பரிசோதிக்கப்பட்ட புராஜெக்ட்தான்.

பள்ளியில் `அடல் டிங்கரிங் லேப்' இருந்தா, இந்த போர்டு உங்களுக்கு முன்பே அறிமுகமாகியிருக்கலாம்.

எதை வாங்கணும்?

வானிலை நிலையத்துக்கு ராஸ்பெரி பை 5 எல்லாம் வேண்டவே வேண்டாம். மெமரி சிப் விலை ஏறியதால் 2025 கடைசியில் பெரிய மாடல்களின் விலையும் ஏறிவிட்டது. இந்த வேலைக்கு `ஜீரோ 2 டபிள்யூ' தாராளம். 65 மி.மீ நீளம், 30 மி.மீ அகலம், 512 எம்.பி மெமரி. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் கீழே இருப்பது தோராயக் கணக்கு மட்டும்.

* ஜீரோ 2 டபிள்யூ: சுமார் 1,500 - 2,000 ரூபாய். பின்கள் ஏற்கெனவே சால்டர் செய்யப்பட்ட மாடலா கேட்டு வாங்குங்க.

* நல்ல கம்பெனி மெமரி கார்டு, 32 ஜி.பி. போலி கார்டுதான் பல புராஜெக்ட்களின் எமன்.

* பி.எம்.இ 280 சென்சார்: வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும். சில நூறு ரூபாய்.

* டிப்பிங் பக்கெட் மழைமானி: செட்டிலேயே விலை அதிகமான பொருள் இதுவாக இருக்கலாம்.

* டி.எஸ் 3231 கடிகார மாட்யூல்: ஜீரோ மாடலில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரன்ட் போய், நெட்டும் போனால் அதற்கு மணி தெரியாது. புயல் ராத்திரியில்தான் இரண்டும் சேர்ந்து போகும். எத்தனை மணிக்கு எவ்வளவு மழை என்ற முக்கியமான தகவல் அப்போதுதான் தப்பாகும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீங்க.

* 5 வோல்ட், 2.5 ஆம்பியர் சார்ஜர், ஜம்பர் வயர்கள்.

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் எல்லாமே கிடைக்கும். ஆனா ஒரு உஷார்! பி.எம்.இ 280 என்ற பெயரில் ஈரப்பதம் அளக்காத பி.எம்.பி 280 விற்பது சகஜம். கண்டுபிடிப்பது சுலபம். போர்டின் மேல் இருக்கும் குட்டி வெள்ளி நிற சிப் சதுரமா இருந்தா பி.எம்.இ, செவ்வகமா இருந்தா பி.எம்.பி.

`வெறும் சென்சார் படிக்கத்தானே... இ.எஸ்.பி 32 போதுமே?' என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அது இன்னும் மலிவு, மின்சாரமும் குறைவு. ஆனால், தகவலைச் சேமித்து, வரைபடம் போட்டு, வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா போனுக்கும் காட்டுவது லினக்ஸ் ஓடும் போர்டில் சுலபம். லினக்ஸும் பைத்தானும் கற்றுக்கொள்வது கூடுதல் லாபம்.

மாட்டுவது எப்படி?

1. லேப்டாப்பில் `ராஸ்பெரி பை இமேஜர்' இறக்கி, `ஓ.எஸ் லைட்' பதிப்பை கார்டில் எழுதுங்க. எழுதும் முன்னாடியே வைஃபை பெயர், பாஸ்வேர்டு, எஸ்.எஸ்.எச் மூன்றையும் அதில் செட் பண்ணிடுங்க. வீட்டில் யாருக்காவது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இருந்தால் அதுவே போதும். இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் லேப்டாப். பிறகு எல்லாமே போனில் எஸ்.எஸ்.எச் ஆப் வழியாகச் செய்யலாம்.

2. சென்சாரின் மின் கம்பியை 1-வது பின்னில் (3.3 வோல்ட்) கொடுங்க. எஸ்.டி.ஏ 3-வது பின், எஸ்.சி.எல் 5-வது பின், கிரவுண்ட் 9-வது பின். கடிகார மாட்யூலும் இதே எஸ்.டி.ஏ, எஸ்.சி.எல் கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளும். தப்பித்தவறி 5 வோல்ட்டை சிக்னல் பின்னில் கொடுத்தால் போர்டு காலி.

3. மழைமானியின் இரண்டு கம்பிகளை 31-வது, 39-வது பின்களில் மாட்டுங்க. அதற்குள் இருப்பது காந்தத்தால் இயங்கும் சாதாரண ஸ்விட்ச். தண்ணீர் நிரம்பி குட்டித் தொட்டி கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு `டிக்'. பரவலாகக் கிடைக்கும் மாடலில் ஒரு டிக் என்பது சுமார் 0.28 மி.மீ மழை. ஒரே கவிழ்ப்பை ஸ்விட்ச் இரண்டாக எண்ணிவிடாமல் இருக்க, புரோகிராமில் சில மில்லி செகண்ட் இடைவெளி கொடுக்கணும்.

4. பைத்தானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் படித்து, எஸ்.கியூ.லைட் கோப்பில் சேமிக்க ஒரு சின்ன புரோகிராம் போதும்.

கோடிங் தெரியாதா? லினக்ஸ், பைத்தான் பாடங்களைத் தமிழிலேயே இலவசமாகத் தரும் `கணியம்' தளம் இருக்கிறது. உங்க மாவட்டத்திலேயே `விழுப்புரம் ஜி.எல்.யு.ஜி' என்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு, கிராமப்புற மாணவர்களுக்கு இதையெல்லாம் கற்றுத்தருகிறது. தயங்காம கேளுங்க.

உப்பை ஜெயிக்க 5 வழிகள்

1. போர்டு உள்ளே, சென்சார் வெளியே: போர்டை ஜன்னலுக்கு உள்பக்கம் வைத்து, சென்சாரை மட்டும் சன்ஷேடுக்குக் கீழே வெளியே விடுங்க. சென்சார் வயர் 1 மீட்டருக்குள் இருப்பது நல்லது, நீளம் கூடினால் தகவல் சிதறும். மழைமானி வயர் 10 மீட்டர் போனாலும் பிரச்னை இல்லை. எனவே அதை மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ வைக்கலாம்.

2. பூச்சு: எலெக்ட்ரானிக்ஸ் கடையில் `கன்ஃபார்மல் கோட்டிங்' ஸ்பிரே கிடைக்கும். சால்டர் இணைப்புகள் மேல் மெல்லிசா அடிங்க. கிடைக்கலையா, நிறமில்லாத நெயில் பாலிஷ்கூட ஓரளவு உதவும். கார்டு ஸ்லாட், பின்கள், முக்கியமா சென்சாரின் சிப்பில் இருக்கும் குட்டி ஓட்டை மேல் படவே கூடாது. அந்த ஓட்டை வழியாகத்தான் சென்சார் காற்றை `உணர்கிறது'.

3. டப்பா: வெளியே வைத்தே ஆகணும்னா ஐ.பி 65 தர ஜங்ஷன் பாக்ஸ். வயர் கீழ்ப்பக்கமா நுழையட்டும். நுழையும் இடத்துக்கு முன்னாடி வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழியும் தண்ணி அங்கேயே சொட்டிடும். உள்ளே ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க.

4. திருகு: சாதாரண இரும்புத் திருகு ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிடும். எஸ்.எஸ் 316 என்று கேட்டு வாங்குங்க.

5. துடைப்பு: மாசத்துக்கு ஒருமுறை மழைமானியை நல்ல தண்ணியில் கழுவுங்க. உப்பு, தூசி, சிலந்திக்கூடு... இந்த மூணும் தொட்டியைக் கவிழவிடாது.

கரன்ட் கட்டானால்?

திடீரென்று மின்சாரம் போகும்போது கார்டில் இருக்கும் கோப்புகள் கெட்டுப்போகலாம். ஒரு 10,000 எம்.ஏ.எச் பவர் பேங்க் இருந்தால், இந்தக் குட்டி போர்டை ஏறக்குறைய ஒரு நாள் ஓட்டலாம். ஆனா சார்ஜ் ஆகிக்கொண்டே கரன்ட் கொடுக்கும் மாடலா, மாறும்போது ஒரு நொடி அணையாமல் இருக்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கி சோதிச்சுப் பார்த்துதான் வாங்கணும். வாரம் ஒருமுறை தகவலை போனுக்கு நகலெடுத்து வைங்க. மின்கட்டணம் பற்றிக் கவலையே வேண்டாம், மாசத்துக்கே சுமார் 1 யூனிட்தான்.

உங்க சென்சார் பொய் சொல்லுதா?

இங்கேதான் உப்பு நமக்கு நண்பன் ஆகுது. ஒரு பாட்டில் மூடியில் சமையலறைத் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாங்க. கரையக் கூடாது. அதையும் சென்சாரையும் ஒன்றோடொன்று படாமல் ஒரு ஜிப்லாக் கவரில் போட்டு, வயர் வெளியே வரும் இடத்தை டேப்பால் அடைத்து, 12 மணி நேரம் விட்டுடுங்க. உள்ளே ஈரப்பதம் 75 சதவிகிதத்தில் வந்து நிற்கும். இது இயற்கை விதி. உங்க சென்சார் 71 காட்டினால், 4 கூட்டிக்கணும். அவ்வளவுதான்!

பாத்தியில் இருந்து வந்த கல் உப்பை இதற்குப் பயன்படுத்தாதீங்க. அதில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே தண்ணி இழுக்கும் என்பதால் கணக்கு தப்பும். கல் உப்பு சீக்கிரம் கசிவதற்குக் காரணமும் அதுதான்.

மழைமானிக்கும் ஒரு டெஸ்ட். அதன் மேல்வாயின் நீளம், அகலத்தை அளந்து பெருக்குங்க. 55 சதுர செ.மீ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 மி.மீ மழை என்பது 5.5 மி.லி தண்ணீர். 110 மி.லி தண்ணீரை மெதுவா, சொட்டுச் சொட்டா ஊற்றினால் 20 மி.மீ காட்டணும். ரொம்பக் கனமழையில் இந்த வகை மழைமானி கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

வெப்பநிலை சென்சார் மேல் வெயில் நேரடியாகப் பட்டால் காற்றின் சூட்டுக்குப் பதில் பிளாஸ்டிக்கின் சூட்டைத்தான் காட்டும். வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் நான்கைந்தை இடைவெளி விட்டு அடுக்கி, நடுவில் சென்சாரை வச்சா நிழலும் கிடைக்கும், காற்றும் போகும்.

முதல் வாரத்தில் ஓர் ஆச்சர்யம்

காற்றழுத்த வரைபடத்தைப் பாருங்க. புயலே இல்லாத நாளிலும் அது அலை மாதிரி ஏறி இறங்கும். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம். மாலை 4, அதிகாலை 4 வாக்கில் இறக்கம். சூரியனின் சூட்டில் வளிமண்டலமே தினமும் இரண்டு முறை `மூச்சு' விடுவதுதான் காரணம். நம்ம ஊர் மாதிரி வெப்பமண்டலப் பகுதிகளில் இது தெளிவாகத் தெரியும்.

இது தெரியாதவர்கள் மதியம் அழுத்தம் இறங்குவதைப் பார்த்து `புயல் வருது' என்று பயந்துடுவாங்க. சரியான வழி, இப்போதைய அளவை நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுவது. அந்த வித்தியாசம் நாள் முழுக்கக் கூடிக்கொண்டே போனால், வானத்தில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்த `ஏதோ' எங்கே கரையைக் கடக்கும், எப்போது கடக்கும் என்பதை உங்க ஒற்றை சென்சாரால் சொல்லவே முடியாது. எச்சரிக்கைக்கு இந்திய வானிலை ஆய்வு மையம், தமிழக அரசின் `டி.என் அலர்ட்' ஆப், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 இவைதான். உங்க வரைபடத்தை `புயல் வரப்போகுது' என்று வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடாதீங்க. முக்கியமா, காற்று வீசும்போது மழைமானியைச் சரிசெய்ய மாடிக்கு ஏறாதீங்க. ஒரு சாமானுக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் வெளி வயரைக் கழற்றிடுங்க.

இந்தக் கரையில் ஒரு முன்னோடி

கம்ப்யூட்டரில் வந்த ஒரு தகவல் ஊரின் காதில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே கரையில் உதாரணம் இருக்கிறது. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரை மையமாக வைத்து, வயர்லெஸ் ரேடியோவும் சூரிய மின்சக்தியும் கொண்டு கிராமங்களை இணைத்தார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. உடனே அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. மக்கள் கரையை விட்டு வெளியேறி உயிர் தப்பினார்கள். அங்கே வேலை செய்தது விலை உயர்ந்த மெஷின் அல்ல. தகவலை நம்பத்தகுந்த விதத்தில் எடுத்து, ஊருக்குப் புரியும்படி சொல்ல ஆள் இருந்ததுதான்.

உங்க குட்டி கம்ப்யூட்டருக்கும் அதே விதிதான். `நேத்து ராத்திரி நம்ம தெருவில் 42 மி.மீ' என்று தினமும் காலையில் ஒரே ஒரு வரி, சோதிச்சுப் பார்த்த கணக்கா இருந்தால், உப்பளத்துக்குப் போறவங்களுக்கும் கிணற்றுத் தண்ணியைக் கணக்கு பண்ணுறவங்களுக்கும் அது உதவும். பத்து வருஷம் சேர்ந்தால், அது உங்க ஊரின் மழை வரலாறு.

அடுத்த லெவல் போகணுமா?

* நெட் இல்லாத நூலகம்: `கிவிக்ஸ்' மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கி வைக்கலாம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். டவர் போன நாளிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி, தங்கைகள் வீட்டு வைஃபையில் படிக்கலாம்.

* பறவைக் காது: ஒரு யு.எஸ்.பி மைக்கும் `பேர்டுநெட் பை' மென்பொருளும் இருந்தால், குரலை வைத்தே என்ன பறவை என்று போர்டு ஊகித்துச் சொல்லும். கழுவெளிக்கு வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில் செம சுவாரஸ்யம். அது சொல்வதை எல்லாம் அப்படியே நம்பாமல், பதிவான குரலையும் கேட்டு உறுதி செய்யணும். மைக், பக்கத்து வீட்டுப் பேச்சையும் பதிவு பண்ணும் என்பதால், அதில் இருக்கும் பிரைவசி வடிகட்டியை ஆன் பண்ணி வைங்க.

எப்போ ஆரம்பிக்கலாம்?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்ட் மாதத்திலேயே மாட்டிவிட்டால், உப்புக் கவர் டெஸ்ட், தண்ணீர் டெஸ்ட், கரன்ட் கட் டெஸ்ட் மூன்றையும் முடித்து, தப்புகளைச் சரிசெய்ய ஒரு மாதம் கையில் இருக்கும்.

அதுவரை காசு செலவு பண்ண வேண்டாம்னா, மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்கும் ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைங்க. தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்க. வானிலை ஆய்வு மையமும் 24 மணி நேர மழையைக் கணக்கெடுப்பது அந்த நேரத்தில்தான். ஒரு மாசம் விடாமல் எழுதிட்டீங்கன்னா, குட்டி கம்ப்யூட்டர் வாங்க நீங்க ரெடி!